கவிழ்ந்த படகை விட்டு எப்போது இறங்குவது?

1979 ஆகஸ்ட்டில் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தைப் பற்றிப் படிக்கும்போது ஒரு கணக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். புயலில் 24 படகுகளை அதில் இருந்தவர்கள் கைவிட்டுப் போனார்கள். அவற்றில் மூழ்கியவை 5. மீதி 19 படகுகளும் ஆளே இல்லாமல் புயலைத் தாண்டி மிதந்தன, பிறகு மீட்கப்பட்டன. பந்தயத்தில் போனவர்களில் 15 பேர் இறந்தார்கள். அதில் 7 சாவுகள் உயிர்காப்பு மிதவைகள் சம்பந்தப்பட்ட சம்பவங்களில் நடந்தவை என்கிறது விசாரணை அறிக்கை.

காப்பாத்தும்னு நம்பி ஏறின மிதவை கவுத்துவிட்டது. இனி தாங்காதுன்னு விட்டுட்டுப் போன படகு மிதந்தது. இது எப்படி?

முதலில் பந்தயத்தைப் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய தீவில் இருக்கும் கவ்ஸ் என்ற ஊரில் கிளம்பி, அயர்லாந்துக்குத் தெற்கே கடலில் தனியாக நிற்கும் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி, அப்போது பிளிமத்தில் முடிக்க வேண்டியிருந்தது. அன்றைய பாதை சுமார் 605 கடல் மைல். அந்த வருஷம் 303 படகுகள் கிளம்பின. முன்னாள் பிரதமர் எட்வர்ட் ஹீத், அமெரிக்கத் தொழிலதிபர் டெட் டர்னர் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஆகஸ்ட் 13 இரவு, படகுகள் திறந்த கடலில் பரவிக் கிடந்த நேரத்தில், போஃபோர்ட் அளவில் 10-ஐத் தொட்ட புயல் வந்தது. பந்தயத்தை முடித்தவை மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

இதில் படகின் நீளம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. மிகப் பெரிய படகுகள் இருந்த பிரிவில் 14 கிளம்பி 13 முடித்தன. மிகச் சிறிய படகுகளின் பிரிவில் 58 கிளம்பின, முடித்தது ஒன்றே ஒன்று. டர்னரின் 61 அடிப் படகு டெனேஷியஸ்தான் நேரக் கழிவுக் கணக்கில் மொத்தப் பந்தயத்தையும் வென்றது.

பெரிய படகு என்றால் பலம் ஜாஸ்தி, அவ்வளவுதானே என்று தோன்றும். அது மட்டும் இல்லை. காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும், காற்று மட்டுமே ஒரு நல்ல கடற்படகைத் தலைகீழாகப் புரட்டுவது அபூர்வம். புரட்டுவது உடைந்து விழும் அலை. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பிறகு மாதிரிப் படகுகளைத் தொட்டியில் விட்டுச் சோதித்தார்கள். உடையும் அலை பக்கவாட்டில் அடித்தால், அதன் உயரம் படகின் நீளத்தில் 30 சதவீதம் இருந்தாலே படகைச் சாய்த்துப் படுக்கவைக்கலாம். 60 சதவீதம் இருந்தால் முழுசாகப் புரட்டிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்க. 30 அடிப் படகுக்கு 18 அடி அலை போதும். 80 அடிப் படகுக்கு 48 அடி வேண்டும். ஒரே கடல், ஒரே இரவு. ஆனால் ரெண்டு படகும் சந்தித்த ஆபத்து ஒன்றல்ல.

சரி, புரண்டாச்சு. அப்புறம்? இங்கேதான் கீல் வருகிறது. கீல் என்பது படகின் அடியில் துடுப்பு மாதிரி இறங்கும் பகுதி. அதில் ஈயமோ இரும்போ டன் கணக்கில் இருக்கும். நம்ம தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையின் அடிப்பகுதியில் இருக்கும் கனம் செய்கிற அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. எப்படித் தள்ளினாலும் பொம்மை எழுந்து உட்காருதே, அது போல.

ஆனால் ஒரு வித்தியாசம். பொம்மைக்கு நிலையான நிலை ஒன்றுதான். படகுக்குப் பெரும்பாலும் ரெண்டு: நேராக நிற்பது, தலைகீழாக மிதப்பது. தட்டையான ஒரு பலகையைத் தண்ணீரில் போட்டால் எந்தப் பக்கமும் மேல் பக்கம்தான் இல்லையா? படகு அகலமாக ஆக, அந்தப் பலகைக் குணம் கூடுகிறது. ஒவ்வொரு படகுக்கும் ஒரு எல்லைக் கோணம் உண்டு. அதுவரை சாய்ந்தால் தானாக நிமிரும்; அதைத் தாண்டினால் தலைகீழாகவே போய் நிற்கும்.

சிறிய பிரிவில் முடித்த அந்த ஒரே படகு அஸெண்ட். காண்டெஸா 32 என்ற குறுகலான, அடிக்கனமான வகை. அதன் எல்லைக் கோணம் சுமார் 155 பாகை. அதே பந்தயத்தில் கவிழ்ந்த கிரிமால்கின் என்ற 30 அடிப் படகுக்கு அது சுமார் 117. தலைகீழ் என்பது 180 பாகை. ஆக, காண்டெஸாவை அடுத்த அலை 25 பாகை தட்டிவிட்டால் போதும், மீதியைக் கீல் பார்த்துக்கொள்ளும். கிரிமால்கினை 63 பாகை திருப்ப வேண்டும். அதற்கேற்ற அலை வரும்வரை உள்ளே இருப்பவர்கள் தண்ணீருக்குள் காத்திருக்க வேண்டியதுதான்.

அகலமான படகை ஏன் கட்டினார்கள்? ஐ.ஓ.ஆர். என்ற அன்றைய மதிப்பீட்டு விதிதான் ஒரு காரணம். கனத்தைக் கீழே வைத்து விறைப்பாக நிற்கும் படகுக்கு அது நேரக் கழிவைக் குறைத்தது. வடிவமைப்பாளர்கள் கனத்தை மேலே ஏற்றி, நிற்கும் திறனை அகலத்திலிருந்து எடுத்தார்கள். கோப்பைக்கு அது லாபம், புரண்ட பிறகு நஷ்டம்.

கிரிமால்கினில் இருந்தவர்கள் ஆறு பேர். படகு புரண்டபோது கேப்டன் கடலில் போனார். படகு நிமிர்ந்தது, ஆனால் பாய்மரம் முறிந்திருந்தது. ரெண்டு பேர் அசைவில்லாமல் கிடந்தார்கள். இறந்துவிட்டார்கள் என்று நினைத்து மற்ற மூவரும் மிதவையில் ஏறி, பிழைத்தார்கள். கிடந்த ரெண்டு பேரும் உயிரோடுதான் இருந்தார்கள். ஒருவர் பிறகு படகிலேயே இறந்தார். இன்னொருவரான நிக் வார்டை ஹெலிகாப்டர் வந்து தூக்கும்வரை பாதி நீர் நிரம்பிய அந்தப் படகு தாங்கியது. உறைந்துபோய், அடிபட்டு, இருட்டில் எடுத்த முடிவை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது சுலபம். நான் சொல்ல வருவது அது இல்லை. பார்வைக்குச் செத்த படகும் சாகாத படகும் ஒரே மாதிரிதான் தெரியும், அதுதான் சிக்கல்.

மிதவையிலோ கீல் கிடையாது. காற்றடைத்த ரப்பர் வளையமும் ஒரு கூடாரமும்தான். ஹெலிகாப்டர் கண்ணுக்கும் படகைவிடச் சின்னது. அதனால்தான் மாலுமிகள் ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள்: மிதவைக்குள் மேலே ஏறித்தான் போகணும், இறங்கிப் போகக் கூடாது. அதாவது படகு உங்கள் காலடியில் மூழ்கும்வரை அதை விடாதீங்க.

இது எப்போதுமே செல்லுமா? 1998 சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் 1942-இல் கட்டிய வின்ஸ்டன் சர்ச்சில் என்ற மரப்படகு உண்மையிலேயே மூழ்கியது. ஒன்பது பேரும் ரெண்டு மிதவைகளில் ஏறினார்கள், வேற வழியில்லை. ஒரு மிதவை இரவில் கவிழ்ந்து மூன்று பேர் போனார்கள். மிதவையின் குறையை இது காட்டுகிறது. ஆனால் மிதவை இல்லாவிட்டால் மற்ற ஆறு பேரும் இல்லை.

கீலே போய்விட்டால் பெரிய படகும் காப்பாற்றாது. 1985 ஃபாஸ்ட்நெட்டில் பாடகர் சைமன் லெ பானின் ட்ரம் படகும், 2011-இல் 100 அடி ராம்ப்ளரும் கீல் முறிந்து கவிழ்ந்தன. அலை இந்த அளவுக்கு இருந்தால்தான் புரளும் என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது. பொம்மையின் அடிக்கனத்தைக் கழற்றியது மாதிரிதான். ரெண்டிலும் எல்லாரும் மீட்கப்பட்டார்கள்.

1979-க்குப் பிறகு ஃபாஸ்ட்நெட்டில் வி.எச்.எஃப். ரேடியோ கட்டாயமானது, முன்னனுபவம் இல்லாமல் கலந்துகொள்ள முடியாது என்றானது. ஐ.ஓ.ஆருக்குப் பின் வந்த மதிப்பீட்டு விதிகள் எல்லைக் கோணத்தையும் கணக்கிட ஆரம்பித்தன. இன்றைக்குக் கடல் பந்தயப் படகு வாங்குபவர் அந்த எண்ணைக் கேட்டு வாங்கலாம். ஒருநாள் ராத்திரி கேபினில் தண்ணீர் ஏறும்போது, இருப்பதா போவதா என்று முடிவெடுக்க அவர் கையில் அந்த ஒரு எண்ணாவது இருக்கும்.