மங்கலதேவி கண்ணகி கோயில்

மங்கலதேவி கண்ணகி கோயில் என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் சந்திக்கும் எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் சிதைந்த நிலையில் உள்ள பழங்காலக் கற்கோயில் ஆகும். இது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், பெரியாறு புலிகள் காப்பகப் பகுதியில் அமைந்துள்ளது. கண்ணகி கோட்டம் என்றும் அழைக்கப்படுகிறது. சிலப்பதிகாரம் கூறும் கண்ணகியின் இறுதிப் பயணம் இம்மலையிலேயே முடிவுற்றது என்பது பலரின் கருத்தாகும்.

சிலப்பதிகாரம் கூறும் பயணம்

மதுரை எரியுண்ட பின் கண்ணகி நகரின் மேற்கு வாயில் வழியாக வெளியேறி, வைகைக் கரையோரமாகப் பல நாள் நடந்து, நெடுவேள் குன்றத்தில் ஏறி ஒரு வேங்கை மரத்தின் அடியில் நின்றாள். கோவலன் இறந்து 14 நாள் கழிந்ததும் வானவரோடு வந்த அவனுடன் விண்ணகம் சென்றாள் எனக் காப்பியம் கூறுகிறது. இதனைக் கண்ட குன்றக் குறவர் முருகனைப் பாடிக் குரவையாடினர். முருகனின் பதிகளாக அவர்கள் கூறியவற்றுள் செந்தில், அதாவது இன்றைய திருச்செந்தூரும் ஒன்றாகும்.

கொற்கைத் தொடர்பு

கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல்களும், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல்களும் இருந்தன. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, திருச்செந்தூருக்கு வடக்கே தூத்துக்குடி மாவட்டத்தில் இன்று கடலை விட்டு உள்ளடங்கிய சிற்றூராக உள்ளது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகிக்காகப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டதாகவும் காப்பியம் கூறும்.

அடையாளங் காணல்

கரந்தைப் புலவர் கல்லூரிப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார், கண்ணகி சென்றதாகக் கூறப்படும் வழியைப் பூம்புகாரிலிருந்து தொடங்கிக் கள ஆய்வு செய்தார். அம்முயற்சியின் முடிவில், 1963 ஆம் ஆண்டில் காட்டின் நடுவே இருந்த இக்கோயிலைக் கண்ணகி கோட்டம் என அறிவித்தார்.

இதனை அனைவரும் ஏற்கவில்லை. திருச்செங்கோடே அம்மலை எனக் கொள்வாரும் உண்டு. எனினும், திருச்செங்கோடு மதுரைக்கு வடக்கே உள்ளது. மேற்கு வாயில், வைகைக் கரை என்னும் குறிப்புகள் கம்பம் பள்ளத்தாக்கின் மலைகளுக்கே பொருந்துகின்றன. அதே வேளையில், இன்றுள்ள கற்கட்டடம் காப்பிய நிகழ்வுகளின் காலத்துக்குப் பிற்பட்டது. எனவே, சேரன் செங்குட்டுவன் எடுப்பித்த கோயில் இதுவே என்பதற்குக் கட்டடம் மட்டும் சான்றாகாது. வழியைப் பற்றிய குறிப்புகளே முதன்மைச் சான்றாக உள்ளன.

அமைப்பு

கோயில் கருங்கற்களால் பாண்டியர் பாணியில் கட்டப்பட்டுள்ளது. மதிலும் வாயிலும் பெரும்பாலும் இடிந்துவிட்டன. மதிலுக்குள் தனித்தனிச் சன்னதிகளும், தமிழ்க் கல்வெட்டுகளும் உள்ளன.

செல்லும் வழி

சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே பொதுமக்கள் அனுமதிக்கப்படுகின்றனர். தமிழ்நாட்டுப் பக்கம், கூடலூரை அடுத்த லோயர்கேம்ப் அருகிலுள்ள பளியன்குடியிலிருந்து 6 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவை நடந்து ஏற வேண்டும். கேரளப் பக்கம் குமுளியிலிருந்து காட்டுப் பாதையில் ஜீப்புகள் செல்கின்றன. அன்று மாலைக்குள் அனைவரும் மலையிறங்கிவிட வேண்டும். நெகிழிப் பொருட்களுக்குத் தடை உண்டு.

எல்லைச் சிக்கல்

கோயில் அமைந்துள்ள நிலம் எந்த மாநிலத்துக்கு உரியது என்பதில் இரு மாநிலங்களுக்கும் இடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உள்ளது. விழா ஏற்பாடுகளை ஆண்டுதோறும் இரு மாவட்ட நிருவாகங்களும் கலந்து பேசி முடிவு செய்கின்றன. விழாவன்று இரு மாநிலப் பூசகர்களும் வழிபாடு நடத்துகின்றனர். ஆண்டின் மற்ற நாட்களில் கோயில் மனித நடமாட்டமின்றி மழையிலும் காற்றிலும் சிதைந்து வருகிறது. வனவிலங்குகளின் வாழிடம் கெடாமல் கோயிலைச் சீரமைப்பதே இன்றைய தேவையாகும்.