ஆறு மாதக் கெடு

அமெரிக்காவில் வலியில்லாமல் சாவதற்கும் சான்றிதழ் வேண்டும். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், ஹாஸ்பிஸுக்கு, அதாவது சாவை நெருங்கியவரின் வலி தணித்து உடனிருக்கும் பராமரிப்புக்கு, 1983 முதல் பணம் தருகிறது. நோய் அதன் போக்கில் போனால் இவர் ஆறு மாதம் தாண்டமாட்டார் என்று முதலில் இரண்டு மருத்துவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை இனி வேண்டாமென்று நோயாளி எழுதிக்கொடுக்க வேண்டும். ஆறு மாதம் என்கிற கோடு எந்த உடலுக்குள்ளும் இல்லை. சட்டம் கிழித்த கோடு அது. மருத்துவ மொழியில் சொல்லப்படுவதால் உடலின் உண்மைபோல வேஷம் கட்டி நிற்கிறது, அவ்வளவுதான்.

சரி, மருத்துவர்களுக்கு நாள் குறிக்கத் தெரியுமா? சிகாகோ ஹாஸ்பிஸ் நோயாளிகளை வைத்து நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் எலிசபெத் லேமன்ட்டும் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. 343 மருத்துவர்கள், 468 நோயாளிகள். ஓரளவு சரியாக வந்த கணிப்புகள் 20 சதவீதம்தான். 63 சதவீதக் கணிப்புகள் உள்ளதைவிட அதிக நாள் கொடுத்திருந்தன. நோயாளிகளில் பாதிப்பேர் சேர்ந்து 24 நாளுக்குள் போய்விட்டார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று: நோயாளியோடு பழக்கம் நீள நீள, மருத்துவரின் கணிப்பு பிசகியிருக்கிறது. ஃபூக்கோவைப் படித்துவிட்டு 'மருத்துவப் பார்வை' என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோமே, விலகி நின்று உடலை மட்டும் பார்க்கிற அந்தப் பார்வைக்குள் பாசமும் தயக்கமும் புகுந்து கணக்கைக் கலைத்துவிடுவதாகவே இதை வாசிக்கிறேன்.

ஆகவே அளவுகோல்கள் வந்தன. கனடாவின் விக்டோரியாவில் உருவாகி 1996இல் வெளியான ஓர் அளவுகோல் 100இலிருந்து பத்துப் பத்தாக இறங்கிப் பூஜ்யத்தில், அதாவது சாவில், முடிகிறது. அது கேட்பதெல்லாம் இவ்வளவுதான்: நடமாட்டம் உண்டா, வேலை ஏதும் செய்ய முடிகிறதா, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறாரா, சாப்பாடு இறங்குகிறதா, நினைவு தெளிவா. 'கஞ்சிகூட இறங்கல, இனி ரொம்ப நாள் தாங்காது' என்று வீட்டில் பார்த்துக்கொள்கிற பொம்பளை சொல்வதும் இதைத்தான். அவள் சொன்னால் புலம்பல், எண்ணாக எழுதினால் அறிவு.

புற்றுநோயில் கடைசி மாதங்களின் சரிவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். இதயச் செயலிழப்பு விழுந்து விழுந்து எழும். டிமென்ஷியா என்னும் மறதிநோயோ வருஷக்கணக்கில் தேய்க்கும். மறதிநோயாளி ஹாஸ்பிஸில் சேர, துணையில்லாமல் நடக்க முடியாது, பேச்சு கிட்டத்தட்ட ஒரு சொல்லுக்குச் சுருங்கிவிட்டது என்பதோடு, நிமோனியா, படுக்கைப்புண், எடைக்குறைவு போல ஏதாவது ஒன்றையும் காட்டச் சொல்கின்றன வழிகாட்டு நெறிகள். அந்த நிலையிலும் சிலர் ஆண்டைத் தாண்டுகிறார்கள்.

தாண்டினால்? முதலில் 90 நாள் தவணை இரண்டு, பிறகு 60 நாளுக்கு ஒருமுறை மறுசான்று. 2011 முதல், மூன்றாம் தவணையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் முன்னால் மருத்துவரோ மேற்பயிற்சி பெற்ற செவிலியரோ நோயாளியைப் பார்த்து மதிப்பிட வேண்டும். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. தினமும் ஆள் வந்து குளிப்பாட்டி, புண்ணைத் துடைத்துப் பார்த்துக்கொண்டதால் கிழவி கொஞ்சம் தேறுகிறாள். தேறியதே குற்றமாகிறது. சரிவு போதாது என்று எழுதி அவளை 'உயிரோடு விடுவிக்கிறார்கள்'. பதிவேட்டில் அதன் பெயரே அப்படித்தான். செவிலி வருவது நிற்கிறது. ஹாஸ்பிஸ் கொண்டுவந்து போட்ட கட்டிலை எடுத்துக்கொண்டு போக ஆள் வருகிறான்.