கணினிப் பெட்டிக்குள் என்ன சத்தம்?

தோட்ட அலுவலகத்திலோ பாடசாலைக் கணினி அறையிலோ இருக்கும் பழைய டெஸ்க்டொப் கரகரவென்று இரைந்தால் உடனே ஆள் தேடுவார்கள். அதே பெட்டி மெல்ல ‘டிக்... டிக்...’ என்றால் யாரும் தலையைத் திருப்புவதில்லை. மஸ்கெலியாப் பக்கம் தகரக் கூரையில் மழை கொட்டும் மாதங்களில் அந்த டிக் காதில் விழுவதே அபூர்வம். ஆனால் எது ஆபத்து என்று பார்த்தால் நிலைமை நேர்மாறு. கரகரப்பு பெரும்பாலும் ஒரு மலிவான ஃபேனின் புலம்பல். கழற்றி வேறொன்று மாட்டினால் தீர்ந்தது. மெல்லிய டிக்கோ, செக்ரோல் கணக்கும் சேமலாப நிதிப் பதிவுகளும் கிடக்கும் ஹார்ட் டிஸ்க் கைவிடப் போவதன் அறிகுறியாக இருக்கலாம். எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. எப்போது எழுகிறது, எந்த ஒழுங்கில் திரும்ப வருகிறது என்று கேட்கப் பழக வேண்டும்.

பெட்டிக்குள் அசைகிற பொருட்கள் சொற்பம்: இரண்டு மூன்று ஃபேன்கள், ஹார்ட் டிஸ்க், இருந்தால் ஒரு டிவிடி டிரைவ். மலைநாட்டில் ஃபேனுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று குளிர். நுவரெலியாவின் விடிகாலையில் ஃபேன் அச்சிலுள்ள எண்ணெய் தடித்துவிடும். பழைய ஃபேன் என்றால் அந்த எண்ணெயே பாதி வற்றியிருக்கும். பொத்தானை அழுத்தியதும் கடகடத்து, சூடேறியதும் அடங்கும். ‘அதுதான் அடங்கிவிட்டதே’ என்று விட்டுவிடுகிறார்கள். சூடேறியதும் சத்தம் மறைவதே கோளாறு அச்சில் இருப்பதாகக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். அப்படிப்பட்ட ஃபேன் ஒருநாள் சுற்றாமலே நிற்கும், பிராசசர் சூடாகிக் கணினி தானாக அணையும். இரண்டாவது எதிரி தூசி. தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டிய அறை என்றால் சலிப்பறையிலிருந்து பறக்கும் தூளும் மெல்லிய நாரும் ஈரக் காற்றோடு உள்ளே போய் இறக்கைகளில் கம்பளிபோல் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் பாரம் கூடினால் ஃபேன் அதிரும். பெட்டியின் தகடும் சேர்ந்து ரீங்கரிக்கும். தகட்டைக் கையால் அழுத்தும்போது சத்தம் குறைந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி. பிளக்கைக் கழற்றிவிட்டு, இறக்கை சுற்றாதபடி பிடித்துக்கொண்டு மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால் போதும். பவர் சப்ளையை மட்டும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஹார்ட் டிஸ்கின் சங்கதி வேறு. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின்மேல், சில நானோமீட்டர் உயரத்தில், மெல்லிய காற்றுப் படலத்தில் மிதந்தபடி தலை வாசிக்கிறது. இருக்க வேண்டிய குறியை வாசிக்க முடியாதபோது தலையைத் தாங்கும் கை பின்வாங்கி மறுபடி முயலும். அந்தப் போக்குவரத்துதான் ஒரே சீராகக் கேட்கும் டிக். கணினியை அணைக்கும்போது ஒரே ஒரு முறை கேட்டால் தலை ஓய்விடத்துக்குத் திரும்புகிறது, பயமில்லை. வேலை நடுவே விட்டுவிட்டுத் தொடர்ந்தால், முக்கியமான கோப்புகளை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொண்டு நிறுத்த வேண்டும். ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்று திரும்பத் திரும்ப உயிர்கொடுப்பதுதான் மிச்சமிருக்கும் தகவலையும் சுரண்டிவிடுகிறது.

வட்டின் நலத்தைச் சொல்ல ஸ்மார்ட் என்ற கண்காணிப்பு வசதி இருக்கும்போது காது எதற்கு என்று கேட்கலாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட அறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது: செத்துப்போன வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, ஸ்மார்ட்டின் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டியிருக்கவில்லை. எனவே கண்காணிப்பு இருக்கட்டும், காதும் இருக்கட்டும். காற்றில் மிதக்கிற தலை என்றால் மலை உயரம் பாதிக்காதா என்பது நியாயமான கேள்விதான். சாதாரண வட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் குறிக்கும் எல்லை சுமார் 3,000 மீட்டர். நுவரெலியா 1,868 மீட்டர், பிதுருதலாகலை உச்சியே 2,524 மீட்டர்தான். உயரத்தின்மேல் பழி போட இடமில்லை.

அதற்காகக் கேட்கிற டிக் எல்லாம் வட்டினுடையதும் அல்ல. கரண்ட் ஏறி இறங்கும் லைன்களில் யூபிஎஸ்ஸோ ஸ்டெபிலைசரோ ரிலேயை மாற்றிமாற்றித் தட்டும். அந்தச் சத்தம் தரையிலிருந்து, பல்பு மங்கும் நேரத்தில் வரும். இதை வட்டின் சாவு என்று நம்பிப் புதியது வாங்கினால் காசுதான் நஷ்டம். திரையில் பக்கத்தை நகர்த்தும்போது மாறும் மெல்லிய கீச்சொலி, மின் சுருள்கள் அதிர்வதால் வருவது. எரிச்சலூட்டுமே தவிர பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி மாட்டினால் டிக் தொல்லையே இல்லை என்பார்கள். வேகத்துக்காக மாட்டலாம். ஆனால் அதற்குள் அசைவதற்கு எதுவும் இல்லாததால், போகும்போது சத்தமே போடாமல் போகும். பிரதி எடுக்கும் வேலை அங்கேயும் மிச்சம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். காலையில் கடகடத்த பெட்டியை பஸ்ஸில் ஏற்றி ஹட்டன் டவுனுக்குக் கொண்டுபோய் மத்தியானம் கடைக்காரர் முன் போட்டால் அது நல்ல பிள்ளையாக ஓடும். சத்தம் எழும்போதே கைத்தொலைபேசியைப் பெட்டியின் மேல் ஒன்று, பின்புறம் ஒன்று என்று பிடித்துப் பதிந்துகொண்டு, குளிரில் வந்ததா, சூட்டில் வந்ததா என்பதையும் சொன்னால், எந்தப் பாகத்தைக் கழற்றுவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.