சொல்லும் மருந்தாகும்

தலைவலி, உறக்கமின்மை, ஓயாத களைப்பு என முறையிடுவோர் பலர். பரிசோதனைகளில் உடற்குறை ஏதும் தென்படாதபோது, உள்ளத்தின் வலியே உடலின் வழியாகப் பேசுகிறதோ என எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளத்து உணர்வுகள் உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு எட்டாக வகுத்தார் தொல்காப்பியர். இன்று அவ்வுள்ளத்தின் துயரைக் கேட்டறிந்து போக்க உதவும் துறை, மருத்துவ உளவியல்.

மதில்களுக்கு அப்பால்

சென்னையில் மனநோயாளர் காப்பகம் 1794இல் தோன்றியது. அதுவே பின்னர்க் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனையாக வளர்ந்தது. அதன் கண்காணிப்பாளராக விளங்கிய மருத்துவர் சாரதா மேனன், நோயுற்றோர் குடும்பத்தோடும் தொழிலோடும் மீண்டும் இணைந்து வாழ வேண்டும் என விரும்பினார். 1984இல் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார். ஒரு காலத்தில் மதில்களுக்குள் அடங்கியிருந்த மனநல உதவி, இன்று குடியிருப்புப் பகுதிகளையும் எட்டியுள்ளது.

உளவியலாளரின் தகுதி

மனநல மருத்துவர், மருத்துவம் பயின்று மருந்து வழங்குபவர். மருத்துவ உளவியலாளரோ உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, நோயாளிகளிடையே நேரடிப் பயிற்சியும் பெற்றவர். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்துகொண்டவர். அவருடைய கருவிகள் உளவியல் சோதனைகளும் உரையாடலுமே. தேவைப்படும்போது இருவரும் இணைந்து பணியாற்றுவர்.

வினாவே வழி

ஆதம்பாக்கத்தில் வாழும் ஒருவர், அருகிலுள்ள கிண்டித் தொழிற்பேட்டையில் இருபது ஆண்டுகள் பணிபுரிந்து, திடீரென வேலையை இழந்தார் எனக் கொள்வோம். 'நான் எதற்கும் உதவாதவன்' என்னும் எண்ணம் அவரை வாட்டுகிறது. வெளியே செல்வதையும் அவர் நிறுத்திவிடுகிறார். உளவியலாளர் அவருக்கு அறிவுரை கூற முற்படுவதில்லை. 'இவ்வெண்ணத்திற்குச் சான்று என்ன? எதிரான சான்று உண்டா? இதே நிலையில் நண்பர் இருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்கள்?' என வினவுகிறார். வேலை போனதும் தன்மதிப்புப் போனதும் ஒன்றல்ல என்பதை அவரே உணரத் தொடங்குகிறார். பின்னர் நாள்தோறும் செய்யத்தக்க சிறு செயல்களை இருவரும் சேர்ந்து திட்டமிடுகின்றனர். எண்ணம், உணர்வு, செயல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றியவை. ஒன்று மாறினால் மற்றவையும் மாறும். அமெரிக்க மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய சிகிச்சைமுறையின் அடிப்படை இதுவே.

வளர்ந்தோரின் துயரில் பல்லாண்டுப் பழக்கங்களும் குடும்பப் பொறுப்புகளும் பின்னிக் கிடக்கும். எனவே மாற்றம் ஓரிரு சந்திப்புகளில் நிகழ்ந்துவிடாது. பொறுமையும் நம்பிக்கையும் வேண்டும். உயிருக்கு ஆபத்து நேரும் நிலை போன்ற சில சூழல்களைத் தவிர, பகிர்ந்தவை வெளியே செல்லா. இந்த மறைகாப்பை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் உரிமையாக்கியுள்ளது.

நம் கடமை

காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவோர், மனத்துயருக்கு உதவி நாட நாணுகின்றனர். பிறருடைய ஏளனமே அந்நாணத்தை வளர்க்கிறது. இல்லத்துப் பெரியவர் ஒருவர் பேச்சைக் குறைத்து ஒதுங்கினால், அவரருகே அமர்ந்து செவிசாய்த்தல் இளையோர் செய்யத்தக்க முதல் உதவி. மேலும் உதவி தேவைப்படின், 2022இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்னும் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். துயரைச் சொல்லத் துணிவோர்க்குக் கேட்கும் செவி கிடைக்கும் சமூகமே நலமிக்க சமூகம்.