சங்குப்பிட்டிப் பாலமும் கறளும்

யாழ்ப்பாணக் கடனீரேரியைக் கடக்கும் இந்த 288 மீற்றர் உருக்குப் பாலம் 2011 ஜனவரி 16 அன்று திறக்கப்பட்டது. பூநகரியை யாழ் குடாநாட்டுடன் இணைக்கும் ஏ-32 வீதியின் உயிர்நாடி இதுவே.

சோளகம் வீசும் நாட்களில் கைபிடியைத் தடவிப் பாருங்கள். விரலில் உப்பு ஒட்டலாம். அந்த உப்பு இரவுக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழையே இல்லாத நாளிலும் இரும்பு நனைவது இப்படித்தான். நீரும் ஒட்சிசனும் சேர்ந்து கறளை உண்டாக்க, உப்பிலுள்ள குளோரைட்டு அதை விரைவுபடுத்துகிறது. எந்நேரமும் மூழ்கியிருக்கும் இரும்பைவிட, அலை தெறித்து நனைந்து நனைந்து காயும் இரும்பே வேகமாக அரிபடும்.

மாரி மழை மேற்பரப்பைக் கழுவிவிடும். வளைகளின் அடிப்பக்கத்தை அது எட்டாது. அங்கே உப்பு தங்கிவிடும். பாலத்தைச் சோதிப்பவர் முதலில் குனிந்து பார்க்கவேண்டிய இடம் அதுதான். பூட்டாணி இறுக்கிய தகடுகளின் இடுக்கும் அப்படியே: கறள் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், தகடுகளை நெம்பிப் பிரித்துவிடும்.

பாரவூர்திகள் ஓடும்போது மூட்டுகளில் சிக்கிய மணல் பூச்சைத் தேய்க்கிறது. தேய்ந்த இடத்தில் கறள் பிடிக்கிறது. உதிரும் கறள் மணலோடு சேர்ந்து மேலும் தேய்க்கிறது.

உருக்கின்மேல் நாகம் பூசினால், கீறல் விழுந்த இடத்திலும் நாகமே முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். அதன்மேல் வர்ணம் பூசவேண்டும். உப்பை நன்னீரால் கழுவவேண்டும். குடிநீருக்கே உவர்க் கிணறுகளோடு போராடும் பூநகரியில் அந்த நன்னீரும் அருமையானது.