ஐசன்ஹவர்: ஒரு ஜெர்மானியக் குடும்பப் பெயரின் பயணம்

கல்வெட்டும் செப்பேடும் காசும் வரலாற்றுக்குச் சான்றாவன போன்றே மக்களின் பெயர்களும் சான்றாகும். அரசன் பொறித்த கல்லில் அரசனின் புகழே பெரிதும் பேசப்படும். உழவரும் தொழிலாளரும் தமக்கெனக் கல் பொறித்தவர் அல்லர். அவர்கள் விட்டுச் சென்ற கல்வெட்டு அவர்தம் பெயரே எனலாம். அவ்வகையில் ஐசன்ஹவர் என்னும் ஜெர்மானியக் குடும்பப் பெயர் தோன்றிய விதத்தையும், அது கடல் கடந்து சென்ற வரலாற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

பெயரின் தோற்றம்

ஜெர்மானிய நகரங்களில் ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டு முதல் குடும்பப் பெயர்கள் நிலைபெறத் தொடங்கின. மக்கள்தொகை பெருகி, ஓரூரில் ஒரே பெயருடையோர் பலராயினமையால், அவர்களை வேறுபடுத்திக் காட்ட மற்றொரு பெயர் வேண்டியதாயிற்று. அவ்வாறு எழுந்த பெயர்களை நால்வகையாகப் பகுப்பர். தந்தை பெயரால் வந்தது பீட்டர்ஸ். தொழிலால் வந்தது மாவு அரைப்போரைக் குறிக்கும் முல்லர். ஊராலும் நாட்டாலும் வந்தது பவேரியரைக் குறிக்கும் பையர். உருவத்தால் வந்தது சிறியவரைக் குறிக்கும் கிளைன்.

ஐசன்ஹவர் தொழிற்பெயர் வகையைச் சார்ந்தது. ஜெர்மன் மொழியில் 'ஐசன்' என்பது இரும்பு. 'ஹவன்' என்பது வெட்டுதல் அல்லது அடித்தல். எனவே இரும்போடு தொடர்புடைய தொழில் செய்தவர் என்பது இதன் பொருளாகும். இரும்புத் தொழில் பல ஊர்களில் நடைபெற்றது. ஆதலின் இப்பெயரும் பல ஊர்களில் தனித்தனியே தோன்றியிருத்தல் கூடும். ஒரே தொழிற்பெயரைத் தாங்கியோர் அனைவரும் ஒரே குடியினர் என்று முடிவு கட்டுதல் பெயராய்வில் பெரும் பிழையாகும்.

கடல் கடந்த காரணம்

ஜெர்மனியின் மேற்கெல்லையில் சார் ஆற்றுப் பகுதியில் கார்ல்ஸ்புருன் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரினரான ஹான்ஸ் நிக்கோலஸ் ஐசன்ஹவர் 1741ஆம் ஆண்டு குடும்பத்துடன் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிற்குக் குடிபெயர்ந்தார்.

தென்மேற்கு ஜெர்மானியர் பலர் அந்நூற்றாண்டில் இவ்வாறு புறப்பட்டமைக்குக் காரணங்கள் உண்டு. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரும், பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி 1688இல் தொடங்கிய படையெடுப்பும் ரைன் கரை நாடுகளைப் பாழாக்கின. வரிச்சுமையும் நிலப்பற்றாக்குறையும் எஞ்சியோரை வருத்தின. மறுபுறம், 1681இல் பென்சில்வேனியாவை ஆளும் உரிமை பெற்ற வில்லியம் பென், சமயச் சகிப்பையும் நிலத்தையும் காட்டி மக்களை அழைத்தார். குடிபெயர்வோர் ரைன் ஆற்றின் வழியே ராட்டர்டாம் சென்று கப்பலேறி, பிலடெல்பியாவை அடைந்தனர். பயணக் கட்டணம் செலுத்த இயலாதோர் சில ஆண்டுகள் உழைத்து அக்கடனைத் தீர்த்தனர்.

எழுத்து மாறியது, ஒலி நின்றது

1727 முதல் பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானியரின் பெயர்கள் பட்டியலிடப்பட்டன. ஆடவர் ஆட்சிக்கு உறுதிமொழி அளித்தனர். ஆங்கில எழுத்தர்கள் தம் செவியில் விழுந்தவாறே பெயர்களை எழுதினர். ஹூபர் என்பது ஹூவர் ஆயிற்று. பின்னாளில் அப்பெயருடைய ஒருவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார்.

ஐசன்ஹவரின் மாற்றம் நுட்பமானது. ஜெர்மன் எழுத்தில் இப்பெயரின் இறுதிப்பகுதியில் 'ஏ, யு' என்னும் எழுத்துகள் வரும். ஆங்கிலேயர் அவற்றைக் கண்டால் வேறு விதமாக ஒலிப்பர். எனவே தலைமுறைகள் செல்லச் செல்ல அவ்விடத்தில் 'ஓ, டபிள்யூ' என்பன அமைந்தன. எழுத்து மாறினும் பழைய ஒலி ஏறத்தாழ அப்படியே நின்றது. ஒலிப்படி தமிழில் எழுதினால் இரு வடிவங்களும் ஐசன்ஹவர் என ஒன்றாகவே அமைதல் கருதத்தக்கது.

பெயரும் பற்றும்

இக்குடும்பத்தின் பிற்காலத்தார் போரை மறுக்கும் ஆற்றுச் சகோதரர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்திருந்தனர். அப்பிரிவின் போதகரான ஜேக்கப் ஐசன்ஹவர் ஜெர்மன் மொழியிலேயே போதித்தவர். 1878இல் கான்சாஸ் மாநிலத்திற்குக் குடியேறினார். அவருடைய பேரனே 1890இல் டெக்சாசின் டெனிசனில் பிறந்து, கான்சாசின் அபிலீனில் வளர்ந்த டுவைட் ஐசன்ஹவர். போரை வெறுத்த குடும்பத்தில் பிறந்த அவர் 1911இல் வெஸ்ட் பாயின்ட் படைக்கல்லூரியில் சேர்ந்தார்.

1917இல் ஜெர்மனியுடன் அமெரிக்கா போரில் இறங்கியபோது, ஜெர்மானியப் பெயர் தாங்கியோர் ஐயத்துக்கு ஆளாயினர். பலர் ஷ்மிட்டை ஸ்மித் என்றும், முல்லரை மில்லர் என்றும் மாற்றிக்கொண்டனர். 1918இல் இல்லினாய் மாநிலத்தில், ஜெர்மனியில் பிறந்த தொழிலாளி ஒருவரைக் கும்பல் ஒன்று தூக்கிலிட்டுக் கொன்றது. அதே ஆண்டில் ஐரோப்பாவில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய பெர்ஷிங்கின் குடும்பப் பெயரும் ஜெர்மானிய மூலமுடையதே என்பதை அக்கும்பல் எண்ணிப் பார்க்கவில்லை!

இரண்டாம் உலகப்போரிலோ, 1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகளை இறக்கிய தலைமைத் தளபதி டுவைட் ஐசன்ஹவரே ஆவார். 1945 மார்ச்சில் அவர்தம் தலைமையின் கீழிருந்த அமெரிக்கப் படைகள், கார்ல்ஸ்புருனுக்கு அண்மையிலுள்ள சார்புருக்கன் நகரைக் கைப்பற்றின. முன்னோர் விட்டுச் சென்ற மண்ணுக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அப்பெயர் திரும்பியது. ஆனால் எதிர்ப்படையின் தலைமைப் பெயராகத் திரும்பியது. 1953 முதல் 1961 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய அவர், 1959 டிசம்பரில் இந்தியாவுக்கும் வருகை தந்தார்.

இரும்பு வெட்டும் தொழில் அக்குடும்பத்தை விட்டு நீங்கியது, நாடு மாறியது, மொழி மாறியது, எழுத்தும் மாறியது. பெயர் மட்டும் நிலைத்தது. எனினும் அது முன்னோர் வந்த வழியைச் சொல்லுமேயன்றி, தாங்கி நிற்பவரின் பற்றைச் சொல்லாது. வழியை அறியப் பெயரை ஆராய்தல் அறிவுடைமை. பற்றை அளக்கப் பெயரைக் கேட்டல் அறியாமை. 1918இல் அவ்வறியாமை ஓர் உயிரைக் குடித்தது என்பதைப் பெயராய்வு பயிலும் மாணவர் மறவாதிருத்தல் நன்று.