பிள்ளை வெளிநாடு போகிறதா? எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லிலோ வார்ப்பு ஆலையிலோ ஆண்டுக்கணக்கில் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு ஒரு பாடம் நன்றாகத் தெரியும். சம்பளச் சீட்டு இல்லாத வேலையில் பி.எஃப். கேட்டு வாதாடுவது கடினம். அடையாள அட்டை இல்லாதவருக்கு விபத்து நடந்தால், "இவர் நம்ம ஆளே இல்லை" என்று கான்ட்ராக்டர் கைகழுவிவிடலாம். இதையெல்லாம் பட்டு அறிந்த குடும்பங்களும்கூட, பிள்ளையை மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்பும்போது ஏஜென்டின் வாய்வார்த்தையை அப்படியே நம்பிவிடுகின்றன. வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது, நகை அடகுக்குப் போகிறது. கையில் மிஞ்சுவது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவு.

கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூர் பக்கம் பட்டம் முடித்து வெளிநாடு கிளம்பும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்துகளும் உரிமைகளும் தீர்வுகளும் இவை.

ஏஜென்டை யார் கேட்பது?

வளைகுடாவுக்கு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். படிப்புக்கு அனுப்பும் 'கன்சல்டன்சி'க்கு அந்தச் சட்டம் பொருந்தாது. 'அரசுப் பதிவு பெற்றது' என்று பலகையில் எழுதியிருந்தால், அது வெறும் ஜி.எஸ்.டி. பதிவாகவோ நிறுவனப் பதிவாகவோ இருக்கலாம். 'இலவச ஆலோசனை' என்பதையும் யோசித்துப் பாருங்கள். மாணவரைச் சேர்த்துவிட்டால் பல கல்லூரிகள் ஏஜென்டுக்குக் கமிஷன் தருகின்றன. அவர் சொல்லும் கல்லூரி பிள்ளைக்கு ஏற்றதா, கமிஷனுக்கு ஏற்றதா என்பதை நாம்தான் சரிபார்க்க வேண்டும்.

2023இல் கனடாவில் இந்திய மாணவர்கள் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். அவர்களை அனுப்பிய ஜலந்தர் ஏஜென்ட் பிரிஜேஷ் மிஸ்ரா கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதங்கள் போலி. கனடா போய் இறங்கியதும், "அந்தக் கல்லூரியில் இடம் நிரம்பிவிட்டது, வேறு கல்லூரியில் சேருங்கள்" என்று சொல்லப்பட்டது. மாணவர்களும் சேர்ந்து படித்தார்கள். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான், பழைய கடிதம் போலி என்பது தெரியவந்தது. மிஸ்ராவுக்கு 2024இல் கனடா நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. படிப்புக்குப் போன பிள்ளைகள் இழந்த நிம்மதியை அந்தத் தீர்ப்பு திருப்பித் தரவில்லை.

எனவே அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும், கல்லூரியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பி உறுதி செய்யுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைபேசி எண் மட்டுமே இருக்கட்டும்; கடவுச்சொல்லை ஏஜென்டிடம் விடாதீர்கள். கல்விக் கட்டணத்தைக் கல்லூரியின் கணக்குக்கே நேராகச் செலுத்துங்கள். "எங்கள் மூலம் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி" என்று யாராவது சொன்னால், திருட்டு கார்டில் கட்டணம் செலுத்தப்படுகிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. அந்த இடத்தை 'வாங்கித் தருவதாக' யாருக்கும் லட்சங்களைக் கொட்ட வேண்டாம். இந்திய மாணவர்கள் 2022 நவம்பர் முதல், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் பெற வேண்டும். அதற்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளைப் படிக்காமல் பணம் கட்டவே கூடாது. நீட் தகுதி வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். ஆங்கில வழியில் நடக்க வேண்டும். 12 மாதப் பயிற்சி அதே கல்வி நிறுவனத்தில் முடிய வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும், ஊர் திரும்பியபின் மருத்துவராகப் பதிவு பெறுவது சிக்கலாகிவிடும்.

அங்கே அன்றாடம் எப்படி இருக்கும்?

போனதும் முதல் கவலை அறை. பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பி ஏமாறுவது சாதாரணமாக நடக்கிறது. முதல் சில வாரங்களுக்குப் பல்கலைக்கழக விடுதியைப் பதிவு செய்துவிட்டு, நேரில் பார்த்தபின் வெளியே அறை எடுப்பது நல்லது. இங்கிலாந்தில் சாதாரண வாடகை ஒப்பந்தத்தில் வீட்டு உரிமையாளர் ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. வாங்கியதை 30 நாளுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டத்தில் செலுத்த வேண்டும். இது தெரிந்த மாணவர் கேட்டு வாங்குகிறார், தெரியாதவர் இழக்கிறார்.

அடுத்தது பகுதி நேர வேலை. "போனதும் வேலை செய்து கடனை அடைத்துவிடலாம்" என்பதுதான் ஊரில் அதிகம் விற்கப்படும் பொய். அந்த அளவுக்கு வேலை செய்ய விசா இடம் கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவருக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேர வேலைக்குத்தான் அனுமதி. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி. கனடாவில் 2024 நவம்பர் முதல் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி. ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள். அமெரிக்காவில் முதல் கல்வியாண்டில் வளாகத்துக்கு உள்ளேதான் வேலை, அதுவும் வாரம் 20 மணிதான். இந்த வருமானம் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் உதவும். கல்விக்கடன் தவணையை இதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இங்கிலாந்தில் மாணவர் விசாவில் சுயதொழில் செய்யத் தடை உண்டு. வேறொருவரின் ஆப் கணக்கை வாடகைக்கு எடுத்து உணவு டெலிவரி செய்யும் பிள்ளை, விசாவையே பணயம் வைக்கிறது. ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கச் சென்ற தமிழக மாணவர் ஒருவர், பகுதி நேரக் கூரியர் வேலையில் போதைப்பொருள் வழக்கில் சிக்கிப் போர்முனைக்கு அனுப்பப்படுவதாக 2025இல் குடும்பத்தார் முறையிட்டார்கள். பார்சலில் என்ன இருக்கிறது என்று தெரியாத வேலையை ஏற்கவே கூடாது.

வங்கிக் கணக்கும் அப்படித்தான். "உன் கணக்கில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பு" என்று பேசுகிறவர் நண்பராகவே இருந்தாலும், அது கறுப்புப் பணத்தைக் கடத்தும் வேலை. கணக்கு முடங்கும், வழக்கு வரும், விசா போகும்.

வகுப்புக்குத் தொடர்ந்து வராத மாணவரைப் பற்றிக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிப்பது இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா கல்லூரிகளின் சட்டக் கடமை. உடம்போ மனமோ சரியில்லை என்றால் மறைக்காமல் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், படிப்பைத் தள்ளிவைக்க வழி சொல்வார்கள். தனிமையில் தவிக்கும் பிள்ளையிடம் "உனக்காகத்தானே கடன் வாங்கினோம்" என்று அடிக்கடி சொல்லாமல் இருப்பது பெற்றோரின் கடமை.

விட்டுக்கொடுக்கக் கூடாத உரிமைகள்

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்கிறது 1967 பாஸ்போர்ட் சட்டம். ஏஜென்டோ வீட்டு உரிமையாளரோ முதலாளியோ அதைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை. மூலச் சான்றிதழ்களையும் யாரிடமும் விடாதீர்கள்.

குறைந்தபட்சக் கூலி உள்ளூர்க்காரருக்கு மட்டும் உரியதல்ல, மாணவருக்கும் உரியது. கையில் காசு கொடுத்து, சம்பளச் சீட்டு தராமல், பாதிக் கூலி போடும் முதலாளி நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் அது சட்டமீறல். ஆஸ்திரேலியாவில், விசா விதியை மீறியிருந்தாலும் உழைத்த கூலிக்கான உரிமை போகாது என்று 2023 சட்டத் திருத்தம் தெளிவாக்கியது. அங்கே ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் என்ற தொழிலாளர் குறைதீர் அமைப்பிடம் புகார் தரலாம். வேலை செய்த நேரத்தைத் தினமும் தேதியோடு குறித்து வையுங்கள். புகாருக்கு அதுவே சாட்சி.

கடன் வாங்கியவர்களுக்கும் உரிமைகள் உண்டு. குறிப்பிட்ட நிதி நிறுவனங்களில் எடுத்த கல்விக்கடனிலிருந்து வெளிநாட்டுக்குக் கட்டணம் அனுப்பும்போது, 2025 ஏப்ரல் 1 முதல் டி.சி.எஸ். வரிப் பிடித்தம் இல்லை. பழைய வரிமுறையில் இருப்பவர்கள் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிக் கழிவு பெறலாம். படிப்புக் காலத்தில் தவணை இல்லாவிட்டாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்; அந்தக் கணக்கை வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஏமாந்துவிட்டால்?

ஏஜென்ட் சென்னையில் இருக்கலாம், டெல்லியில் இருக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கும்மிடிப்பூண்டிக்காரர் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். போலிக் கடிதம் தந்திருந்தால் அது மோசடிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவின்படி காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இணையத்தில் பணம் பறிபோனால் உடனே 1930க்கு அழையுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100இல் பேசி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள்.

வெளிநாட்டில் சிக்கல் என்றால் இந்தியத் தூதரகத்தை அணுகலாம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்திலும் புகாரைப் பதியலாம். போனதும் தூதரகத்தில் பெயரைப் பதிந்து வைத்தால், ஆபத்துக் காலத்தில் தேடுவது எளிது. 2022இல் உக்ரைன் போர் மூண்டபோது, மாணவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று கண்டறிவதே பெரும்பாடாக இருந்தது. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை உதவி எண்கள்: இந்தியாவுக்குள் 1800 309 3793, வெளிநாட்டிலிருந்து +91 80 6900 9900, +91 80 6900 9901.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்த நாட்டு அரசின் இணையதளத்தை நீங்களே திறந்து ஒருமுறை படியுங்கள். ஏஜென்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்பதைக் கையெழுத்தோடு வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.